பிளாங்ஸ்டியின் முதல் தட்டு

அயர்லாந்தின் பிளாங்ஸ்டி குழு 1973இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டுக்குக் குழுவின் பெயரே தலைப்பு. கிறிஸ்டி மூர், ஆண்டி இர்வின், டோனல் லன்னி, லியாம் ஓஃபிளின் என நால்வர். முதல் பாட்டு ஜிப்சிகளோடு போய்விட்ட சீமாட்டியின் பழங்கதை. மூரின் குரலில் அலங்காரம் கிடையாது. கதை சொல்பவரின் அவசரம்தான் இருக்கிறது. பாட்டு முடிந்தும் இசை நிற்பதில்லை. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, பார்வையற்ற யாழ்க் கலைஞர் ருவரி டால் ஓ கஹானின் மெட்டுக்குள் அப்படியே நுழைந்துவிடுகிறது. அந்த இணைப்பைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

அங்கே ஆள்வது ஓஃபிளினின் இலின் பைப் என்ற ஐரிஷ் பைக்குழல். இதை வாயால் ஊதுவதில்லை. வாசிப்பவர் உட்கார்ந்து, ஒரு முழங்கையால் துருத்தியை இயக்கி, மறு கக்கத்துப் பையை அழுத்துகிறார். விரல்கள் மெட்டை வாசிக்க, சுருதிக் குழல்கள் அடியில் ஒலித்தபடி இருக்கும். மணிக்கட்டால் தட்டினால் இசைவுச் சுரங்களும் சேரும். இத்தனை வேலைக்கு நடுவிலும் ஓஃபிளினின் வாசிப்பில் பதற்றமே இல்லை. மேதை லியோ ரௌசமிடம் கற்றவர் அவர்.

லன்னியின் கையில் இருப்பதோ கிரேக்கத்திலிருந்து வந்த பூசூக்கி என்ற தந்தி வாத்தியம். அயர்லாந்து இசைக்கு அது வந்து அப்போது சில ஆண்டுகளே ஆகியிருந்தன. இன்றைக்கு அது இல்லாத ஐரிஷ் குழுவைத் தேட வேண்டியிருக்கிறது.