கனடாவில் சட்டப் படிப்பு: வாய்ப்பைக் கணிக்கும் கணக்கு

கனடாவில் சட்டம் படிக்க விரும்பும் பலர் விண்ணப்பத்தைத் திறக்கும் முன்பே ஒரு கணக்கைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். ஒரு பக்கம் தங்கள் பட்டப் படிப்பின் சராசரியான ஜிபிஏயும், சட்டப் பள்ளி நுழைவுத் தேர்வான எல்சாட்டின் மதிப்பெண்ணும். மறுபக்கம் சென்ற ஆண்டு அந்தப் பள்ளியில் இடம் பிடித்தவர்களின் எண்கள். இரண்டையும் ஒப்பிட்டு, கிடைக்கும் அல்லது கிடைக்காது என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பல தமிழ் வீடுகளில் பெற்றோரும் கூட இருந்தே இந்தக் கணக்கைப் போடுகிறார்கள். எங்கெங்கே விண்ணப்பிக்கலாம் என்று தெரிந்துகொள்ள இது நல்ல கருவி. விண்ணப்பிக்கலாமா வேண்டாமா என்பதை இதை வைத்தே முடிவு செய்யும்போதுதான் தவறு நேர்கிறது.

கணக்கை மொத்தமாகத் தள்ளிவிட முடியாது. பள்ளிகளே எண்களைத்தான் முதலில் பார்க்கின்றன. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் பொதுப் பிரிவு விண்ணப்பங்களை எடைபோடும்போது ஜிபிஏயும் எல்சாட்டும்தான் முக்கியம். ஆகவே 120 முதல் 180 வரை போகும் எல்சாட்டில் 150 எடுத்தவர் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தை மட்டும் நம்பி இருப்பது சரியல்ல என்று கணக்கு சொன்னால், அது உண்மையைத்தான் சொல்கிறது. உழைப்பை எங்கே செலுத்துவது என்றும் அது காட்டும். பட்டம் முடித்தவரின் ஜிபிஏ இனி பெரிதாக அசையாது. எல்சாட்டையோ மீண்டும் எழுதலாம். வாழ்நாளில் ஏழு முறை வரை அனுமதி உண்டு. பெரும்பாலான கனடியப் பள்ளிகள் அவற்றுள் உயர்ந்த மதிப்பெண்ணையே கருத்தில் கொள்கின்றன. இன்னும் நான்கு மாதம் படித்துத் திரும்ப எழுதுவதா, இப்போதே அனுப்புவதா என்ற கேள்விக்கு இந்த ஒப்பீடு இல்லாமல் பதில் சொல்ல முடியாது.

சிக்கல், 'என் ஜிபிஏ' என்று ஒரே எண்ணைச் சொல்லும்போதே தொடங்குகிறது. ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். ஒன்ராறியோ சட்டப் பள்ளிகளுக்கான பொது விண்ணப்ப முறையான ஓல்சாஸின் அளவுகோலில் அவளுடைய நான்கு ஆண்டுகள் 2.7, 3.3, 3.9, 3.9 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாண்டில் வீட்டை விட்டு வந்த தடுமாற்றம், அல்லது இரவு வேலை. இப்படி ஒரு தொடக்கம் அரிதானதல்ல. நான்கையும் கூட்டிப் பார்த்தால் 3.45. சிறந்த மூன்று ஆண்டுகளைப் பார்க்கும் ரொறன்ரோவில் 3.7. சிறந்த இரண்டு ஆண்டுகளைப் பார்க்கும் குயின்ஸில் 3.9. கடைசி 60 பாடப் புள்ளிகளைப் பார்க்கும் அல்பேர்ட்டாவிலும் அவள் நிலை வலுவானது. பிரிட்டிஷ் கொலம்பியாவோ மிகக் குறைந்த பாடங்கள் சிலவற்றைக் கழித்துவிட்டுக் கணக்கிடுகிறது. ஆள் ஒருத்திதான், மதிப்பெண் பட்டியலும் ஒன்றுதான். 3.45 என்ற எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எல்லாக் கதவும் மூடிவிட்டது என்று அவள் நினைத்தால், அந்தப் பிழைக்குக் காரணம் விதிகளைப் படிக்காமல் போட்ட கணக்கு.

அடுத்த பிழை, பள்ளிகள் வெளியிடும் இடைநிலை எண்ணைப் புரிந்துகொள்வதில் இருக்கிறது. சேர்ந்தவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் எண் அது. வகுப்பில் ஏறக்குறைய பாதிப் பேர் அதற்குக் கீழேதான் இருக்கிறார்கள். ஆனால் அதைக் குறைந்தபட்சத் தகுதியாக எடுத்துக்கொண்டு பின்வாங்குகிறவர்கள் ஏராளம். எல்சாட் மதிப்பெண்ணும் துல்லியமான புள்ளி அல்ல. தேர்வை நடத்தும் அமைப்பே ஏறக்குறைய மூன்று எண் மேலும் கீழுமாக ஒரு வீச்சைச் சேர்த்துத்தான் தருகிறது. 160 எடுத்தவருக்கும் 162 எடுத்தவருக்கும் நடுவே கோடு கிழிப்பதில் பெரிய பொருள் இல்லை.

இவற்றையெல்லாம் விடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. யாருடைய எண்களோடு ஒப்பிடுகிறோம்? இடம் கிடைத்தவர்களின் எண்களோடு. உறவினர் மகன் 163 எடுத்துச் சேர்ந்தான் என்பது காதில் விழும். அதே 163 எடுத்து இடம் கிடைக்காத எத்தனையோ பேரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்த எண்ணோடு விண்ணப்பித்தவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்று தெரியாமல் விழுக்காடு போட முடியாது. 'எழுபது சதவீத வாய்ப்பு' என்று யாராவது சொன்னால் அது ஊகம்தான். சேர்ந்தவன் எந்தப் பிரிவில் விண்ணப்பித்தான், என்ன எழுதினான், யார் பரிந்துரைத்தார்கள் என்பதும் அந்த ஒற்றை எண்ணில் தெரியாது.

எண்ணுக்கு வெளியே இருப்பவை சிறு விஷயங்கள் அல்ல. வின்ட்சர் பல்கலைக்கழகம் விண்ணப்பதாரரின் சமூகப் பணியையும் வாழ்க்கை அனுபவத்தையும் சேர்த்து எடைபோடுவதற்குப் பெயர் பெற்றது. மக்கில் எல்சாட் எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதில்லை, ஆனால் பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். டல்ஹவுசி 1989இல் தொடங்கிய தனித் திட்டம், நோவா ஸ்கோஷியாவின் கறுப்பின மக்களுக்கும் மிக்மாக் பூர்வகுடிகளுக்கும் சட்டத் துறையின் வாயிலைத் திறந்தது. மதிப்பெண் வரிசை ஒன்றையே நம்பியிருந்தால் அந்த வாயில் திறந்திருக்காது. நோய், இடப்பெயர்வு, வறுமை ஆகியவற்றால் படிப்பு பாதிக்கப்பட்டவர்களுக்கும் பல பள்ளிகளில் தனிப் பிரிவு உண்டு. போரிலிருந்து தப்பி வந்த குடும்பத்தின் பிள்ளை அதைத் தெரிந்துகொள்ளாமல் பொதுப் பிரிவில் விண்ணப்பித்துத் தோற்பது என்னை மிகவும் வருத்தும் விஷயம்.

தவறான தீர்ப்புக்கு விலையும் உண்டு. இங்கே இடமே கிடைக்காது என்று முடிவு கட்டி, பெருங்கடன் வாங்கிப் பிரித்தானியாவுக்குச் சட்டம் படிக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அது மதிப்புள்ள பாதைதான். ஆனால் திரும்பி வந்த பிறகு தேசிய அங்கீகாரக் குழுவின் மதிப்பீட்டைக் கடந்து, குறைந்தது ஐந்து கனடியச் சட்டப் பாடங்களில் தகுதி பெற்ற பின்தான் வழக்கறிஞர் உரிமத்தை நோக்கி நகர முடியும். விண்ணப்பமே போடாமல் இந்தச் செலவை ஏற்பது நியாயமில்லை.

மறுபுறம், எண்கள் உயர்ந்திருப்பதால் ஒரே பள்ளிக்கு மட்டும் விண்ணப்பிப்பதும் பிழைதான். போட்டியாளர் கூட்டம் ஆண்டுதோறும் மாறுகிறது. தேர்வும் மாறுகிறது: 2024 ஆகஸ்ட் முதல் எல்சாட்டில் தர்க்கப் புதிர்ப் பகுதி இல்லை. பழைய மாணவர்கள் சொல்லும் தயாரிப்பு வழிகளில் ஒரு பகுதி இன்று செல்லாது.

ஒன்ராறியோ சட்டப் பள்ளிகளின் முதலாண்டு விண்ணப்பத்துக்கு வழக்கமான கடைசி நாள் நவம்பர் 1. அதற்கு முன் ஒவ்வொரு பள்ளியின் விதியையும் படித்து, அந்த விதிப்படி உங்கள் ஜிபிஏயைத் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். உங்கள் எண்கள் சற்றுக் குறையும் பள்ளிகளில் இரண்டையாவது பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்க்கைக் குழு உங்கள் விண்ணப்பத்தைப் படிப்பதற்கு முன் நீங்களே அதை நிராகரித்துவிடாதீர்கள்.