கண் மட்டத்தில் ஒரு கழுகுக் கூடு

கழுகுக் கூட்டை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும் என்று யார் சொன்னது? கண்டிக்கு வாருங்கள், குனிந்தே பார்க்கலாம்! மலைச்சரிவில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக வீடு கட்டிய ஊர் இது. கீழ்வீட்டுத் தோட்டத்து மரத்தின் உச்சி, மேல்வீட்டு விறாந்தைக்கு நேராக நிற்கும். அப்படி நின்ற ஓர் அல்பீசியா மரத்தின் கவட்டில்தான் குடுமிக் கழுகு ஒரு சோடி கூடு கட்டியது. இடத்தை மட்டும் கேட்காதீர்கள். உடவத்தகெலே காட்டுக்குப் பக்கம், அவ்வளவுதான். விலாசம் சொன்னால் கேமராவும் கையுமாக ஒரு பட்டாளமே வந்து இறங்கிவிடும்.

என்ன பறவை அது! தலைக்குப் பின்னால் நீண்ட கறுப்புக் குடுமி; காற்றடித்தால் கோபக்காரத் தாத்தாவின் குடுமிபோல எழுந்து நிற்கும். கால்களில் விரல் தொடங்கும் இடம்வரை இறகு. இதே வட்டாரத்தில் கத்திக்கொண்டே வட்டமடிக்கும் பாம்புக் கழுகுக்குக் கால் வெறும் மஞ்சள். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் காலைப் பார்த்தால் போதும்.

இடுவது ஒரே முட்டை. அடைகாப்பது சுமார் 40 நாள். பெரும்பாலும் தாய்தான் கூட்டில் இருக்கும். வேட்டை தகப்பன் பொறுப்பு. குஞ்சு பொரித்த பிறகு பைனாகுலரில் கண்டதை எப்படிச் சொல்வேன்! ஓர் ஓணானைக் காலால் அமுக்கிக்கொண்டு, வளைந்த அந்தப் பயங்கர அலகால் நார் நாராகக் கிழித்து, வெள்ளைப் பஞ்சாக இருந்த குஞ்சின் வாயருகே நீட்டியது தாய். குஞ்சு தவறவிட்டது. தாய் குனிந்து பொறுக்கி, மறுபடி நீட்டியது. மெய்சிலிர்த்துப் போனேன். கீழே ஏற்றத்தில் முக்கிக்கொண்டு த்ரீவீலர்கள் ஹோர்ன் அடிக்கின்றன, தலதா மாளிகைப் பக்கமிருந்து பூசை மேளம் கேட்கிறது. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை!

"என்னோட கோழிக்குஞ்ச தூக்கிரும் தம்பி, கலைச்சி விடுங்க" என்று முதலில் சண்டைக்கு வந்த கீழ்வீட்டு அக்கா, பிறகு மதிலுக்கு மேலால் செய்தி சொல்ல ஆரம்பித்தார்: "இன்னைக்கு ஒங்க புள்ளைக்கு அணில் கெடைச்சிருக்கு!" கோழிக்குஞ்சுகளை அவர் கூடைக்குள் மூடிவைக்கத் தொடங்கியிருந்தார். வழக்கு அதோடு முடிந்தது.

நகரத்துக்குள் இது எப்படிச் சாத்தியம்? மாளிகைக்குப் பின்னாலேயே 104 ஹெக்டேயர் காடு இருக்கிறதே! உடவத்தகெலே 1856இல் ஒதுக்குக் காடானது, 1938இல் சரணாலயமானது. ஆனால் என்னைக் கேட்டால், பாதிப் புகழ் கண்டி வீட்டுத் தோட்டங்களுக்குத்தான். பலா, மா, கித்துள், கமுகு என்று அடுக்கடுக்காக மரம். அவற்றில் அணிலுக்கும் ஓணானுக்கும் பஞ்சமில்லை. நியூயோர்க்கில் பொரி வல்லூறு பாலங்களிலும் உயர்ந்த கட்டடங்களிலும் கூடு வைக்கிறது என்று உலகமே வியக்கிறது. நமக்குக் கட்டடம் எதற்கு? மாமரத்தில் காகக் கூடு மாதிரி ஒன்றைக் கட்டிவிட்டுச் சின்ன வல்லூறு சத்தமில்லாமல் குடும்பம் நடத்துகிறது. ஹந்தானைச் சரிவில் கருங்கழுகு மர உச்சிகளை உரசுவதுபோல் மெதுவாக மிதக்கும். மற்றப் பறவைகளின் கூட்டில் முட்டை தேடும் திருட்டுப் பயல் அது. பறக்கிற அழகுக்காக மன்னித்துவிடலாம்.

நம் குஞ்சு இறகு முளைத்ததும் கூட்டின் விளிம்பில் நின்று சிறகடித்துப் பழகியது. பிறகு பக்கத்துக் கிளைக்குத் தாவி, தடுமாறி, இலைகளைப் பிடித்துத் தொங்கி, ஒருவழியாக நிமிர்ந்தது. கடைசியில் ஒரு காலை, பள்ளத்தாக்குக்கு மேலே சிறகை விரித்து இறங்கியே விட்டது! விறாந்தையில் நின்று நான் கைதட்டியதை மேல்பாதையில் போன பள்ளிப் பிள்ளைகள் விநோதமாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கண்டியில் உள்ளவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தோட்டத்து உயர்ந்த மரத்தை வெட்ட ஆள் கூப்பிடுமுன் ஒருதரம் உச்சியைப் பாருங்கள். குச்சிக் குவியல் தெரிந்தால், குஞ்சு பறக்கும்வரை கத்தியைத் தள்ளிவையுங்கள்.