இ2 என்னும் கட்டம்

மொத்தம் ஆறே நகர்த்தல்கள். 1988இல் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் நடந்த சதுரங்கப் போட்டியில் கொலம்பியாவின் அலோன்சோ ஸபாட்டா வெள்ளைக் காய்களோடும் நம் விஸ்வநாதன் ஆனந்த் கறுப்புக் காய்களோடும் உட்கார்ந்தார்கள். இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டராக ஆனந்த் ஆன ஆண்டு அது, வயது பதினெட்டு. ஆறாவது முறை ஸபாட்டா தன் ராணியை மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம் முன்னால் வைத்தார். ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்துவிட்டார்.

இந்த ஆட்டத்தைப் பெரிய மனிதர் சறுக்கிய கதையாக மட்டும் சொல்லிக் கடந்துபோகிறார்கள். அவ்வளவில் விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை. எங்கள் திருத்தணி மலைக்கு 365 படிகள். டிசம்பர் 31 அன்று படித் திருவிழாவில் படிக்கு ஒரு திருப்புகழ் பாடி, மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் ஏற்றி, பிறகே அடுத்த படிக்குக் கால் வைப்பார்கள். சதுரங்கத்தின் தொடக்க நகர்த்தல்களையும் அப்படித்தான் ஏற வேண்டும் என்பது என் கட்சி. மனப்பாடமாகத் தெரியும் என்று பத்து நகர்த்தலைப் பத்து நொடியில் வைத்துவிட்டு, ஆட்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பம் என்று நினைப்பவர்கள், அழகின் பாதியைக் கீழேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

வெள்ளை ராஜாவுக்கு முன்னிருந்த சிப்பாய் இ4க்கு வருகிறது. கறுப்பு அதேபோல் இ5. வெள்ளைக் குதிரை எஃப்3க்குத் தாவி இ5 சிப்பாயைக் குறிவைக்கிறது. பள்ளிப் பிள்ளை என்றால் உடனே அந்தச் சிப்பாயைக் காப்பாற்றப் போவான். ஆனந்தின் குதிரை எஃப்6க்கு வருகிறது. தன் சிப்பாயை அது காக்கவில்லை. எதிரியின் இ4 சிப்பாயைக் கேட்கிறது. நீ என்னுடையதை எடு, நான் உன்னுடையதை எடுக்கிறேன் என்ற நிதானம் அதில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்ய ஆட்டக்காரர் அலெக்சாண்டர் பெட்ரோவின் பெயர் இந்தத் தற்காப்புக்கு. கார்போவ் நம்பி ஆடியது. 2018 உலகப் பட்டப் போட்டியில் கார்ல்சனை எதிர்க்கக் கருவானா எடுத்து வந்ததும் இதுதான்.

வெள்ளைக் குதிரை இ5 சிப்பாயை எடுக்கிறது. ஆசைப்பட்டு உடனே இ4ஐத் திருப்பி எடுத்தால் என்ன ஆகும்? வெள்ளை ராணி இ2க்கு வரும். பயந்துபோன கறுப்புக் குதிரை எஃப்6க்கே திரும்பி ஓடினால், வெள்ளைக் குதிரை சி6க்குத் தாவும். அது விலகிய வழியில் ராணியின் செக் ராஜாவின் மேல் பாயும். தாவிய குதிரையோ கறுப்பு ராணியின் கழுத்தில் நிற்கும். ராஜாவைக் காப்பதா, ராணியைக் காப்பதா? ராணி போயே போய்விடும். சதுரங்கம் பழகும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது விழுந்திருக்கும் குழி இது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் முதலில் டி6 வைத்துக் குதிரையை விரட்டிவிட்டு, பிறகே இ4 சிப்பாயைத் தொடுவார்கள். ஆனந்தும் அப்படித்தான் செய்தார். வெள்ளைக் குதிரை எஃப்3க்குத் திரும்பியது. கறுப்புக் குதிரை இ4இல் வந்து அமர்ந்தது. இரு பக்கமும் சிப்பாய்க் கணக்கு சமம். ஆனால் இ2 என்ற கட்டம் மனதில் இருக்கட்டும்.

ஐந்தாவது நகர்த்தலில் ஸபாட்டா இன்னொரு குதிரையை சி3க்குக் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் டி4 வைப்பதுதான் வழக்கம். சி3 குதிரை பார்க்க சாதுவாக இருக்கும். வா, குதிரைக்குக் குதிரை மாற்றிக்கொள்வோம் என்று கேட்பதுபோல் தோன்றும். அந்தக் குதிரை டி5 கட்டத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது பிறகுதான் தெரியும்.

ஆனந்தின் பிஷப் எஃப்5க்கு வந்தது.

இந்த நகர்த்தலைத் திட்டுவதற்கு முன்னால் அதன் லட்சணத்தைப் பார்க்க வேண்டும். தொடக்க ஆட்டத்துக்கு நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பாடம் எல்லாவற்றுக்கும் அது கீழ்ப்படிகிறது. உட்கார்ந்திருந்த காயை வெளியே கொண்டுவந்தாயிற்று. நல்ல மூலைக்கோட்டில் வைத்தாயிற்று. இ4இல் நிற்கும் குதிரைக்குத் துணையும் கொடுத்தாயிற்று. குற்றம் ஒன்றுதான்: குதிரைக்குத் துணை நிற்கிறதே தவிர, குதிரைக்கும் ராஜாவுக்கும் நடுவே திறந்து கிடக்கும் இ வரிசையை அது அடைக்கவில்லை.

ஸபாட்டா ராணியை இ2இல் வைத்தார். இதை அதே பாடப்புத்தகத்தோடு ஒப்பிட்டால் எல்லாமே தவறு. ராணியைச் சீக்கிரம் வெளியே எடுக்காதே என்கிறோம், எடுத்துவிட்டார். சொந்த பிஷப்பின் வழியை மறைக்காதே என்கிறோம். எஃப்1 பிஷப்பின் வாசலிலேயே ராணி நிற்கிறது. விதிக்கு அடங்கிய நகர்த்தல் தோற்கிறது, விதியை மீறிய நகர்த்தல் ஜெயிக்கிறது! எத்தனை முறை பார்த்தாலும் இந்த இடத்தில் என் கண் நின்றுவிடும்.

இ4 குதிரை இப்போது அசைய முடியாது. அசைந்தால் ராஜாவுக்கு நேரே செக். ஆட்டக்காரர்கள் ‘பின்’ என்று சொல்வது இதைத்தான். குதிரையும் ராணியுமாக இரண்டு பேர் அதைக் கேட்கிறார்கள். டி5 சிப்பாயால் தாங்கிப் பிடிக்கலாமா? வெள்ளை டி3 வைத்தால் போதும், கட்டுண்ட குதிரை சிப்பாயின் கையில் விழும். கறுப்பு ராணியை இ7இல் வைத்து வரிசையை அடைக்கலாமா? சாதாரணமாக அது சரியான மருந்துதான். இங்கேதான் சி3 குதிரையின் வேலை: அது டி5க்குத் தாவி அந்த ராணியையே தாக்கும். ராணி வரிசையை விட்டு விலகினால் டி3 வந்து குதிரையைத் தின்றுவிடும். விலகாமல் இ6இல் ஒட்டிக்கொண்டால் சி7இல் ஒரு பாய்ச்சல். ராஜாவும் ராணியும் ஒரே குதிரையின் பிடியில். எல்லா வழியும் அடைபட்டுவிட்டது. பதிலுக்கு ஒன்றும் இல்லாமல் ஒரு முழுக் காய் போகிறது. அந்தத் தரத்தில் அதற்கு மேல் ஆடிப் பார்க்க எதுவும் இல்லை. எழுந்ததிலும் ஒரு சுத்தம் இருக்கிறது.

அவ்வளவு கூர்மையான கண்ணுக்கு இது எப்படித் தப்பியது? 1987இல் சான் பிரான்சிஸ்கோவில் டோனி மைல்ஸும் லாரி கிறிஸ்டியன்சனும் ஆடியபோது இதே எஃப்5 பிஷப் வந்திருந்தது. மைல்ஸ் ராணியைத் தொடவில்லை. குதிரையைக் குதிரையால் எடுத்தார், ஆட்டம் சமனில் முடிந்தது. கிராண்ட்மாஸ்டர்கள் ஆடிய ஆட்டம் அச்சிலும் வந்துவிட்டால் அதைச் சந்தேகிக்க யாருக்குத் தோன்றும்? இன்றைக்குப் பையில் இருக்கும் போன் ஒரு நொடியில் இ2 என்று காட்டிவிடும். அன்று உலகத்தின் ஆட்டங்கள் புத்தகமாக வந்துசேரும். படித்து நினைவில் வைத்துக்கொள்வதே தயாரிப்பு. மின்னல் வேகத்தில் ஆடுகிறவர் என்று பெயரெடுத்த இளைஞர், சமன் என்று அச்சாகியிருந்ததை நம்பினார். தவறு மைல்ஸ் ஆட்டத்திலும் இருந்தது. தண்டனை மட்டும் ஓராண்டு தள்ளி வந்தது. முடிவைப் பார்த்து நகர்த்தலை நம்புவது எவ்வளவு எளிது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று எனக்குத் தெரியாது. உலகப் பட்டம் வென்ற ஆனந்தை இந்த ஆட்டம் சிறிதாக்கிவிட்டதாக நான் நினைக்கவில்லை.

சரியான ஐந்தாவது பதில் எது? குதிரையால் சி3 குதிரையை எடுத்துவிடுவது. அப்போது வெள்ளை திருப்பி எடுப்பதிலும் ஒரு நயம் உண்டு. ஓரத்துச் சிப்பாயால் நடுவை நோக்கி எடு என்பது பழைய பாடம். அதன்படி பி சிப்பாய்தான் எடுக்க வேண்டும். இன்றைய ஆட்டக்காரர்கள் டி சிப்பாயால் எடுக்கிறார்கள். சி வரிசையில் இரட்டைச் சிப்பாய் நிற்கும் குறையை அவர்கள் பொருட்படுத்துவதில்லை. டி சிப்பாய் நகர்ந்த கணமே சி1 பிஷப்புக்கும் ராணிக்கும் வழி திறந்துவிடுகிறது. பிஷப் இ3க்கோ எஃப்4க்கோ போகும், ராணி டி2இல் நிற்கும், ராஜா ராணிப் பக்கம் கோட்டை கட்டிக்கொள்ளும், யானை நேராக டி வரிசைக்கு வந்துவிடும். பிறகு எச் சிப்பாயைத் தள்ளிக்கொண்டு கறுப்பு ராஜாவின் பக்கம் போகலாம். ஸபாட்டா அன்று சாதுவாக வைத்த அந்த சி3 குதிரைதான், 2000க்குப் பிறகு பெட்ரோவ் தற்காப்பை எதிர்க்கும் முக்கியமான ஆயுதங்களில் ஒன்றாக மாறியது.