முழுகினவனா, குளித்திருக்கிறவனா? – யோவான் 13:10 குறித்து ஒரு கருத்துரை

தர்மபுரி மாவட்டத்துக் கிராமச் சபையொன்றில் நாம் யோவான் 13ஆம் அதிகாரத்தை விளக்கிய நாளில், வயது முதிர்ந்த தாயொருவர், "ஐயா, சின்ன வயசுலயே ஞானஸ்நானம் ஆச்சு. அப்புறம் எத்தனையோ தப்பு செஞ்சிட்டேன். திரும்ப முழுகணுமா?" என்று வினவினார். ஒரு வினைச்சொல்லும் அதன் காலமும் ஓர் ஆத்துமாவின் கலக்கத்திற்குக் காரணமாகக்கூடும் என்பதை அன்று உணர்ந்தோம்.

கிரேக்கத்தில் உடல் முழுவதையும் நீராட்டுவதற்கு 'லூஓ', கைகால் கழுவுவதற்கு 'நிப்டோ', ஆடை துவைப்பதற்கு 'ப்ளூனோ' என வெவ்வேறு வினைகள் உண்டு. தமிழும் குளித்தல், கழுவுதல், துவைத்தல் எனப் பிரித்தே வழங்கும். ஆங்கிலத்திலோ மூன்றுக்கும் ஒரே சொல் செல்லும். 1611ஆம் ஆண்டின் ஜேம்ஸ் அரசர் திருப்புதல் இவ்வசனத்தின் இரு வினைகளையும் அவ்வொரு சொல்லாலேயே பெயர்த்தது. ஆங்கிலத்தை மட்டும் நம்பிப் பிரசங்கம் ஆயத்தம் செய்வோர் இங்கே இடறுவர். 1871இல் வெளிவந்த பவர் ஐயர் குழுவினரின் திருப்புதலோ முழுகுதலையும் கழுவுதலையும் வேறுபடுத்திக் காட்டிற்று. அது பாராட்டுக்குரியது.

ஆயினும் 'முழுகினவன்' என்னும் சொல்லில் இரு குறைகளைக் காண்கிறோம். ஒன்று, பொருள். நம் மக்கள் வழக்கில் முழுகுதல் தீட்டுக் கழிக்கும் குளிப்பு. தீட்டு வருந்தோறும் மீண்டும் செய்ய வேண்டியது. ஒருவனோடு உறவை அறுப்பதையும் 'தலைமுழுகுதல்' என்பர். மற்றொன்று, காலம். 'முழுகின' என்பது செயல் முடிந்ததை மட்டும் சொல்லும். அதன் பயன் நிற்கிறதா என்பதைச் சொல்லாது. மூலத்திலுள்ள வினைவடிவமோ முடிந்த செயலின் பயன் இன்றும் நிலைத்திருப்பதைக் காட்டுவது.

1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'குளித்துவிட்டவர்' என்கிறது. செயலின் நிறைவு இதில் தெளிவாகிறது. நிலைபேறு இன்னும் வேண்டும். 'குளித்திருக்கிறவன்' என்பதே மூலத்திற்கு அணுக்கமானது என்பது நம் துணிபு. 'இரு' என்னும் துணைவினை தமிழுக்கு வாய்த்த செல்வம். அதைப் பயன்படுத்தத் தயங்குவானேன்? 'குளி' மிக எளிய சொல் என்பாரும் உளர். சுவிசேஷம் வழங்கிய வினையும் அன்றாட வாழ்வின் வினையே.

இவ்வசனம் ஞானஸ்நானத்தைச் சுட்டுகிறதா என்பதில் உரைகாரர் ஒருமனப்படார். எனினும் முழுக் குளிப்பு ஒருமுறை, கால் கழுவுதல் பலமுறை என்னும் வேறுபாடு தெளிவானது. ஆகவே அத்தாயிடம், "அம்மா, காலையில் குளித்துக் காட்டுக்குப் போய்த் திரும்புகிறவர் வாசலில் செம்புத் தண்ணீரில் கால் கழுவுகிறார், மறுபடி குளிப்பதில்லை. நீங்கள் குளித்திருக்கிறீர்கள். ஆண்டவரிடம் தினமும் கால்களை நீட்டுங்கள்" என்றோம். அவர் முகம் தெளிந்தது.

பீடமேறுமுன் வினையின் காலத்தையும் ஆராய்வோமாக.