கோராவும் ஒரு தம்ளர் தண்ணீரும்

மண்டகப்பட்டில் உட்கார்ந்துகொண்டு கல்கத்தாவைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். தமிழில் நாவல் படித்து வளர்ந்தவர்களுக்குக் கல்கத்தா அப்படியொன்றும் அன்னிய ஊர் அல்ல. த. நா. குமாரஸ்வாமி, த. நா. சேனாபதி, அ. கி. ஜயராமன் போன்றவர்களின் மொழிபெயர்ப்புகளால் வங்க நாவல் நம் வீட்டு அலமாரிக்கு வந்து எத்தனையோ வருஷங்கள் ஆகிவிட்டன. விழுப்புரத்தைத் தாண்டிப் போகாத வாசகிக்குக்கூட லூச்சியும் ஸந்தேஷும் தெரியும். அண்ணியை எப்படிக் கூப்பிடுவார்கள், மாப்பிள்ளைக்கு என்ன பரிமாறுவார்கள் என்பதும் தெரியும்.

ஆனால் அவளுக்குத் தெரிந்த கல்கத்தா ஒரே ஒரு வீடு. படித்த ஹிந்துக் குடும்பம், கூட்டுக் குடித்தனம், ஒரு விதவை, அவளுடைய மௌனமான தியாகம். நகரம் ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது, உள்ளே வருவதில்லை. நம் நாவலாசிரியர்கள் வங்காளத்திடம் கற்றுக்கொண்டதும் இந்த ஒரு வீட்டைத்தான். அந்தக் கண்ணீர் இங்கே தாராளமாகக் கிடைக்கிறது. வங்க நாவலில் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. அதை நாம் எடுத்துக்கொள்ளவில்லை.

எதைச் சொல்கிறேன் என்பதற்குத் தாகூரின் 'கோரா'வையே பார்க்கலாம். 1910-இல் புத்தகமாக வந்த இந்த நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள், அதில் வரும் விவாதங்களைச் சொல்லிப் பாராட்டுவார்கள். ஹிந்து தர்மமா, பிரம்ம ஸமாஜமா என்று பக்கம் பக்கமாகப் பேசுகிறார்களே, அதைத்தான். எனக்கு அந்த இடங்கள் கொஞ்சம் களைப்பாகவே இருக்கின்றன. நாவலின் உயிர் அடுக்களையில் இருக்கிறது. கோராவின் தாய் ஆனந்தமயி, லச்சமியா என்ற கிறிஸ்தவ வேலைக்காரியின் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறவள். ஆசாரத்தில் ஊறின கோரா அதனால் பெற்றவளென்று நம்பும் அம்மாளின் அறையிலேயே சாப்பிட மாட்டான். சிநேகிதன் வினயனையும் சாப்பிட விடமாட்டான். அம்மாள் ஆசாரத்தை விட்டதே இவனுக்காகத்தான். 1857 கலகத்தில் அனாதையான ஓர் ஐரிஷ்காரக் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்ட அன்று விட்டாள். அந்தக் குழந்தைதான் கோரா. உண்மை தெரிந்தபின், லச்சமியாவைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொல் என்கிறான். அறுநூறு பக்க விவாதம் சாதிக்காததை ஒரு தம்ளர் தண்ணீர் சாதித்துவிடுகிறது.

இதே நாவலில் தெருவிலும் ஒரு காட்சி வருகிறது. தலையில் கூடையோடு போகும் கிழட்டு முஸ்லிம் ஒருவர்மேல் ஒரு பாபுவின் வண்டி வந்து மோதுகிறது. சாமான் சிதறுகிறது, சாட்டையடியும் விழுகிறது. கோரா ஓடிப்போய் அவருக்குப் பொறுக்கிக் கொடுக்கிறான். நல்ல காட்சி. ஆனாலும் அந்த முஸ்லிம் தெருவோடு போய்விடுகிறார். தாகூருக்கும் நகரம் முழுவதும் வீட்டுக்குள் வரவில்லை என்பது என் குறை.

கதை நடப்பது ஏறக்குறைய 1880 வாக்கில். அப்போது, 1856-இல் ராஜ்யம் இழந்த அயோத்தி நவாப் வாஜித் அலி ஷா, பாடகர்களும் சமையற்காரர்களும் சூழக் கல்கத்தாவின் மேட்டியாபுருஜில் வாழ்ந்துகொண்டிருந்தார்; 1887-இல் அங்கேயே காலமானார். லக்னோவின் டும்ரி கல்கத்தாவில் வேரூன்றியது அந்த வருஷங்களில்தான். உருளைக்கிழங்கு போட்ட கல்கத்தா பிரியாணியையும் அவர் வீட்டு அடுப்போடுதான் சம்பந்தப்படுத்திச் சொல்வார்கள். தாகூர் நாவலை எழுத ஆரம்பிப்பதற்கு முன்பே, 1902-இல், கௌஹர் ஜானின் குரல் கல்கத்தாவில் இசைத்தட்டில் பதிவாகிவிட்டது. ஆர்மீனிய வம்சத்துத் தகப்பனுக்குப் பிறந்து முஸ்லிமாக வளர்ந்தவர் அவர். நியூ மார்க்கெட்டில் பாக்தாத் யூதர் ஒருவரின் குடும்பம் நடத்தும் நாஹூம் ரொட்டிக் கடை, டாங்க்ராவில் சீனர்கள் கும்பிடும் காளி கோயில், லேக் மார்க்கெட்டில் நம்மவர்களின் இட்லியும் காபியும் வாழையிலையும், இவையெல்லாம் சேர்ந்ததுதான் அந்த ஊர். அதன் சாப்பாட்டிலும் ஸங்கீதத்திலும் பாதி, வெளியூரார் கொண்டுவந்து கொடுத்தவை.

நாவல் என்ன ஜனத்தொகைக் கணக்கா என்று கேட்பது நியாயம். எல்லா ஜாதியையும் வரிசையாக நிறுத்தினால் நாவல் ஆகாது. ஆனால் யார் கையால் யார் தண்ணீர் வாங்குகிறார்கள் என்பது கணக்கு அல்ல, அதுவே கதை.

இனி நம் பக்கம் வருகிறேன். விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் இருக்கிறது மண்டகப்பட்டு. இங்கே மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு ஆலயம் எடுத்ததாகப் பாறையில் எழுதி வைத்திருக்கிறான். இன்னின்னவற்றை விட்டுவிட்டேன் என்று பெருமையடித்துக்கொள்ளச் சிற்ப விஷயத்தில் அவனுக்கு உரிமை உண்டு. நாவலாசிரியனுக்கு அந்த உரிமை கிடையாது. செஞ்சியைப் பாருங்கள். நாயக்கர், பீஜப்பூரார், மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர் எல்லோரும் ஆண்ட கோட்டை. கோட்டைக்குள் வேங்கடரமணர் கோயிலும் இருக்கிறது, ஸாதத்துல்லா கான் மசூதியும் இருக்கிறது. பக்கத்தில் மேல்சித்தாமூரில் தமிழ் ஜைனர்களின் மடம். இவ்வளவும் நம் நாவலில் எங்கே வந்திருக்கிறது?

நாவலில் வராதது பாட்டில் வந்திருக்கிறது. 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு போரிட்டு மாண்ட தேசிங்கு ராஜன் கதையைக் கிராமத்துப் பாடகர்கள் பாடினார்கள். பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சாகித் திருவிழாக் கடைகளில் விற்றது. கதாநாயகன் வடக்கேயிருந்து வந்த ராஜபுத்திரன். அவனுடைய உயிர்த் தோழன் ஒரு முஸ்லிம். கல்யாணத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போர்க்களத்துக்கு ஓடிவருகிறவன். எதிரியும் முஸ்லிம்தான். பாடுகிறவன் தமிழன். இவர்களில் யாரையும் அன்னியன் என்று அவன் நினைக்கவில்லை. அந்தப் பாடகனுக்குச் சரித்திரம் சரியாகத் தெரியாது, காலக் கணக்கும் பிசகும். ஆனால் தன் ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. கல்லூரிப் படிப்பும் வங்க நாவலும் படித்த நமக்கு அது மறந்துவிட்டது.

செஞ்சியைப் பற்றி நாளை எழுத வரும் நாவலாசிரியர் மலையையும் கோட்டையையும் அவசரமில்லாமல் வர்ணிக்கட்டும். அதற்கு முன் கடைத்தெருவில் நாலு நாள் உட்கார்ந்து, யார் வீட்டில் யார் சாப்பிடுகிறார்கள், யார் வாசலோடு நின்றுவிடுகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளட்டும். 'கோரா'விடமிருந்து நாம் இன்னும் வாங்காமல் வைத்திருப்பது அதுதான்.