கோமாளிகளும் இடம்பெறாத ஐந்தாவது குரலும்

வானொலி நகைச்சுவைத் தொடர்களை நமது விமர்சகர்கள் ஆய்வுக்குரியனவாகக் கொள்வது அரிது. சனரஞ்சகம் என்று ஒதுக்குவது எளிதாயிற்றே! ஆயினும் பிளவுபட்டதொரு சமுதாயம் எதனைக் கேட்டு ஒருங்கே சிரித்தது என்னும் வினா புறக்கணிக்கத்தக்கதன்று.

எழுபதுகளில் இலங்கை வானொலியில் ஒலித்து, 1976இல் திரைப்படமுமான எஸ். ராம்தாஸின் ‘கோமாளிகள்’ இவ்வகையில் முதன்மையானது. மரைக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர் என்னும் நால்வர் முறையே முஸ்லிம் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ், பிராமணத் தமிழ் ஆகியவற்றைப் பேசினர். மரைக்காராக ராம்தாஸும், அப்புக்குட்டியாக ரி. ராஜகோபாலும், உபாலியாக எஸ். செல்வசேகரனும், ஐயராக பி. எச். அப்துல் ஹமீதும் நடித்தனர். தமிழர் முஸ்லிமாகவும் முஸ்லிம் பிராமணராகவும் மாறிய இவ்விடமாற்றமே தொடரின் உயர்ந்த சாதனை. பிறப்பினால் அமைந்ததெனக் கருதப்படும் அடையாளத்தை, நாவினாற் பயின்றுகொள்ளலாம் என அது காட்டிற்று. அறுபதுகளின் தொடக்கத்தில் பேச்சுமொழியை ‘இழிசனர் வழக்கு’ எனப் பழித்த பண்டிதர்களுக்கு, வாதமெதுவுமின்றி வழங்கப்பட்ட விடையாகவும் அதனைக் கொள்ளலாம்.

மாத்தளையிலிருந்து நோக்குமிடத்து ஒரு குறை புலனாகின்றது. மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியே கால்நடையாக வந்த தொழிலாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இம்மாவட்டத் தோட்டங்களை உருவாக்கினர். சிங்களக் கிராமமும் முஸ்லிம் கடைத்தெருவும் தோட்ட லயமும் அண்மித்துக் கிடக்கும் இங்கு, நால்வருள் எவரும் பேசாத தமிழே லயங்களில் வழங்கிற்று. 1971ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இந்திய வம்சாவளியினர் 11 இலட்சத்துக்கும் அதிகம். இலங்கையில் மிகச் சிறுதொகையினரான பிராமணருக்குக் கிடைத்த இருக்கை, இவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1975இல் வி. பி. கணேசனின் ‘புதிய காற்று’ தோட்டத் தொழிலாளரைத் திரைக்குக் கொணர்ந்திருந்தமையால், அவர்கள் கலைக்கு அந்நியர் எனவும் கூறவியலாது. 1948இல் பிரசாவுரிமை மறுக்கப்பட்டோர் நகைச்சுவையின் கூட்டுக் குடும்பத்திலும் உறுப்பினராகவில்லை என்பதே உண்மை.

இன்னொன்று. வட அயர்லாந்தில் 1998 முதல் 2008 வரை பிபிசி ஒளிபரப்பிய ‘கிவ் மை ஹெட் பீஸ்’ தொலைக்காட்சித் தொடரும், பின்னர் மீள எழுந்ததே, பிளவுண்ட சமுதாயத்தையே எள்ளியது. அங்கு கேலிக்குள்ளானவை கட்சியும் ஆயுதக் குழுவும் பொலிஸும், அதாவது நிலைப்பாடுகள். இங்கு கேலிக்குள்ளானது பெரிதும் உச்சரிப்பே. அரச வானொலியின் எல்லை அதுவென்பதை மறக்கலாகாது. எனினும் அதிகாரத்தைத் தொடாத அங்கதம், மனிதரை அவர்தம் நாவினால் இனங்காணும் பழக்கத்தை மென்மையாக்கிற்றா, உறுதிப்படுத்திற்றா? இரண்டும் நிகழ்ந்தன என்பதே எமது கருத்து.

1977 ஆகஸ்ட் வன்செயல்கள் மாத்தளையையும் தாக்கின. 1983 ஜூலையில் இங்குள்ள முத்துமாரியம்மன் கோயில் சேதமுற்றது. அக்காலக் கலவரங்களிற் காடையர் வழிமறித்து, வாளியைக் குறிக்கும் ‘பால்திய’ என்ற சிங்களச் சொல்லைக் கூறச் செய்து தமிழரை இனங்கண்டனர். அதன் முதலொலி தமிழ் நாவுக்கு எளிதில் வாய்ப்பதன்று. உபாலியின் தமிழைக் கேட்டுச் சிரித்த தமிழரின் சிங்களம், தெருவிலே அவ்வாறு பரீட்சிக்கப்பட்டது.