அஞ்சினான், ஆயினும் கேட்டான்!

இறைவனிடம் கொள்ளும் அச்சமே அறிவுக்குத் தொடக்கம் என்று சாற்றுகிறது, விவிலியத்தின் நீதிமொழிகள் நூல். பகுத்தறிவு நாடும் தோழர்கள் இதைக் கண்டதும் ஏட்டை மூடிவிடுவர். அச்சம் எங்கே, அறிவு எங்கே! அடிமையை அடக்கி வைக்கும் விலங்கு, ஆராய்பவனுக்கு விளக்காகுமா என்று கேட்பர். கேள்வி நியாயமே. ஆயினும், ஏட்டை மூடவேண்டாம் என்போம் நாம். அதே விவிலியத்தில் யோபு என்றொரு நூல் உண்டு. 42 அதிகாரங்கள், தொடக்கமும் முடிவும் உரைநடைக் கதை, இடையே எபிரேயக் கவிதை. அச்சம் மட்டும் அறிவாகிவிடுமா என்ற கேள்வியை அந்நூலே எழுப்புகிறது.

யோபு, ஊத்சு நாட்டுச் செல்வன். 7,000 ஆடுகள், 3,000 ஒட்டகங்கள், பத்து மக்கள். கடவுளுக்கு அஞ்சித் தீமையை விலக்கியவன் என்று தொடக்கத்திலேயே நற்சான்று தருகிறது நூல். ஒரே நாளில் செல்வம் அழிகிறது, மக்கள் மாள்கின்றனர். பின்னர் உடலெங்கும் புண், சாம்பலே இருக்கை! விண்ணுலகிலே சாத்தான் விடுத்த அறைகூவலே இதற்குக் காரணம். பாவம், அது யோபுவுக்குத் தெரியாது!

எலிப்பாசு, பில்தாத், சோப்பார் என்று நண்பர் மூவர் வருகின்றனர். ஏழு நாட்கள் வாய்பேசாது உடன் அமர்ந்திருக்கின்றனர். அதுவரை அவர்கள் மனிதர்கள். வாய் திறந்ததும் மதவாதிகள்! துன்பம் வந்ததெனில் பாவம் இருந்தே தீரும் என்கின்றனர். சான்று? இல்லை. இல்லாத சான்றை எலிப்பாசு இட்டுக்கட்டுகிறான். ஏழையின் ஆடையைப் பறித்தவன், தாகித்தவனுக்குத் தண்ணீர் மறுத்தவன் என்றெல்லாம் 22ஆம் அதிகாரத்திலே பழி சுமத்துகிறான். கோட்பாடு பிழைக்கவேண்டும், அதற்காகக் குற்றமற்றவன் குற்றவாளி ஆகவேண்டும்!

யோபு பணியவில்லை. கடவுளுக்கு வக்காலத்து வாங்கப் பொய்யா பேசுவீர்கள் என்று மடக்குகிறான். தன் வாழ்வையே வழக்காக எடுத்து வைக்கிறான். அடிமையின் முறையீட்டைத் தான் தள்ளியதில்லை என்கிறான். கருவிலே தன்னை உருவாக்கியவரே அவனையும் உருவாக்கினார் என்று காரணமும் காட்டுகிறான். அடிமை முறை ஆட்சி செய்த உலகிலே எழுந்த குரல் இது!

28ஆம் அதிகாரம், மலையைக் குடைந்து வெள்ளியும் பொன்னும் தேடும் சுரங்கத் தொழிலாளியைப் பாடி, அறிவு கிடைக்கும் சுரங்கம் எது என்று வினவுகிறது. முடிவில் அது சொல்லும் விடை, கடவுளுக்கு அஞ்சித் தீமையை விலக்குதல். ஆனால், அது யோபுவிடம் முதல் நாளே இருந்ததல்லவா? இருந்தும் அவன் கேள்வி ஓயவில்லையே! அச்சம் தொடக்கமாக இருந்திருக்கலாம். முடிவாக இருக்கவில்லை என்பதை யோபுவே காட்டிவிட்டான்.

இறுதியிலே தீர்ப்பு வருகிறது. கடவுளுக்காகப் பரிந்து பேசிய மூவரும் சரியாகப் பேசவில்லை. வழக்காடிய யோபுவே சரியாகப் பேசினான் என்று கூறுபவர், நூலின் கடவுளே! துதிபாடிகள் தோற்றனர், கேட்டவன் வென்றான்.

இதனால் நூலின் குறையை நாம் மறைக்கமாட்டோம். சூறாவளியிலிருந்து பேசும் கடவுள், உலகுக்கு அடித்தளம் இட்டபோது நீ எங்கிருந்தாய் என்று எதிர்க்கேள்வி தொடுக்கிறார். ஏன் இந்தத் துன்பம் என்பதற்கு விடை தரவில்லை. யோபுவும் அடங்கிவிடுகிறான். ஆடுகள் 14,000 ஆகின்றன. மீண்டும் பத்து மக்கள் பிறக்கின்றனர். மாண்ட பத்துப் பேருக்கு ஈடு ஏது? கவிதை எழுப்பிய கேள்வியைக் கதை கணக்குக் காட்டி மூடப் பார்க்கிறது.

யோபுவை நாத்திகன் என்று உரிமை கொண்டாடவும் நாம் வரவில்லை. அவன் இறுதிவரை நம்பியவன். ஆனால், நம்பிக்கையின் பெயரால் பொய் பேச மறுத்தவன். துன்புறுவோனைக் கண்டு, உன் பாவத்தின் பலன் இது என்போர் எந்த மதத்தில் இருந்தாலும், அவர்கள் யோபுவின் வழியினர் அல்லர், எலிப்பாசுவின் வாரிசுகள். அவர்கள் கையில் விவிலியமே இருந்தாலும், அந்த விவிலியமே அவர்களுக்கு எதிர்ச்சாட்சி!